அடியெடுத்துக் கொடுக்காமல்

இந்தக் கதையில் எது நடந்தபடி நினைவில் நிற்கிறது, எது பின்னால் சொல்லிச் சொல்லிச் சேர்ந்துகொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்வது கடினம். ஆண்டு 2006 என்பதில் குழப்பமில்லை. ஆனால் இசைவாணி என்ற மாணவி வகுப்பில் முதல்முதலாகத் தடுமாறி நின்ற நாளில் மழை பெய்ததா என்று கேட்டால், கொட்டு கொட்டென்று கொட்டியது என்பார் சந்திரலேகா. பிரிசில்லாவோ, அன்றைக்கு வெயில் கண்ணைக் குத்தியது, பாயையே நகர்த்திப் போட வேண்டியிருந்தது என்பாள். இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஆகவே மழையை விட்டுவிட்டு இருவரும் ஒத்துக்கொள்கிற விஷயத்தை மட்டும் சொல்வதுதான் நியாயம்.

கடலூரை ஒட்டிய மீனவக் குப்பமான தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் படித்த தொடக்கப்பள்ளி ஒன்றில் சந்திரலேகா ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வீடு சிதம்பரத்தில். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் வரும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பள்ளிக்குள் கால் வைத்துவிட்டால் அதற்கும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

அவருடைய வகுப்பின் பெருமை இசைவாணி. அந்த வகுப்பில் பாடம் படிப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை முன்னால் நின்று ஒரு வரி சொல்லும், மற்றவர்கள் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வார்கள். முன்னால் நிற்பவள் எப்போதும் இசைவாணிதான். சந்திரலேகா முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார். 'ஒரு' என்றால் போதும். 'ஒரு ஊரில் ஒரு குயவர் இருந்தார்' என்று பிடித்துக்கொண்டு, பக்கம் முடியும் இடத்தில் சரியாகத் தாளைப் புரட்டி, கடைசி வரிவரை போய்த்தான் நிற்பாள். அந்தக் குரல் சத்துணவுக் கூடம்வரை கேட்கும். அங்கே பருப்பு கடையும் மாரியம்மாளுக்கே குயவர் கதை மனப்பாடம்.

அவளை முன்னால் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. சுனாமி அலை வந்து போன பிறகு, கல்யாண மண்டபத்திலிருந்தும் தகரக் கொட்டகைகளிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது அவர்கள் மூன்றாம் வகுப்பு. பெயரைக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் சந்திரலேகா ஒரு வரியை வாய்விட்டுப் படித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. வீட்டையும் புத்தகப் பையையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்த இசைவாணியின் குரல். அடுத்த வரிக்கு இன்னொரு குரல் சேர்ந்தது. அதற்கடுத்த வரிக்கு இன்னும் சில. வகுப்பு மறுபடி வகுப்பானது அந்தப் பெண்ணால்தான். அந்தப் பிள்ளைகளோடேயே சந்திரலேகாவும் நான்காம் வகுப்புக்கு, ஐந்தாம் வகுப்புக்கு என்று மேலே வந்தார்.

அந்த ஆண்டுதான் பிரிசில்லா வந்தாள். வீடு கடலூர் முதுநகரில். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவளை ஒரு தொண்டு நிறுவனம் இந்தப் பள்ளிக்கு அனுப்பியிருந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய நாலைந்து பிள்ளைகளைத் தினமும் ஒரு பீரியட் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு இடம் கிடைத்தது வராந்தாவின் ஒரு மூலையில். ஒரு பாய், பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிப் பெரிய எழுத்தில் எழுதிய வாக்கியங்கள், ஒரு டப்பா நிறையக் கிளிஞ்சல்கள், கொஞ்சம் காலித் தீப்பெட்டிகள். இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

அவள் சொல்லிக் கொடுத்த விதத்தைப் பார்த்து முதலில் எல்லாருமே எரிச்சல்பட்டார்கள். பிள்ளையின் முன்னால் ஓர் அட்டையை வைப்பாள். பிறகு பேசாமல் இருப்பாள். பிள்ளை விழிக்கும், நெளியும், கூரையைப் பார்க்கும், மறுபடி அட்டையைப் பார்க்கும். அவள் அப்படியே இருப்பாள்.

தலைமையாசிரியர் சுப்பராயலு ஒருநாள் நின்று பார்த்தார். "என்னம்மா, தியான வகுப்பா நடத்துற?"

"அன்பரசு படிச்சிக்கிட்டிருக்கான் சார்."

"சத்தமே காணோமே."

"வரும் சார்."

வந்தது. ஆனால் அன்பரசு 'கப்பல்' என்று ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் துறைமுகத்துக்கு ஒரு கப்பலே வந்து சேர்ந்திருக்கும். அவன் அந்த வகுப்பிலேயே கூச்சம் மிகுந்த பையன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரலேகாவால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா பிரிசில்லா, 'கப்' வரைக்கும் நீ சொன்னா அவன் 'பல்'லுன்னு முடிச்சிடுவான் இல்ல? எதுக்கு புள்ளய வதைக்கிற? எங்க சிதம்பரத்துல சாமியே ஒரு புலவருக்கு அடியெடுத்துக் குடுத்திருக்காரு."

பிரிசில்லா சிரித்தாள். "அந்தப் புலவருக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியும் டீச்சர்."

சந்திரலேகாவுக்குச் சுருக்கென்றது. வாய்த்துடுக்கு ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைவிட்டு நகர்ந்தார்.

மழையா வெயிலா என்று தெரியாத அந்த நாள் பிறகு வந்தது. யார் யாருக்கு உதவி வேண்டும் என்று பார்ப்பதற்காக பிரிசில்லா ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கோர் அட்டை கொடுத்தாள். எல்லாம் அவர்கள் படித்த பாடத்தின் சொற்கள்தான், வேறு வரிசையில். இசைவாணியின் அட்டையில் 'குதிரை பானையை உடைத்தது' என்று இருந்தது.

இசைவாணி எழுந்து நின்றாள். கணீரென்று தொடங்கினாள். "ஒரு ஊரில் ஒரு குயவர் இருந்தார்..."

பிரிசில்லா பேசாமல் இருந்தாள்.

குரல் பாதியில் நின்றது. வகுப்பு திரும்பிப் பார்த்தது. இசைவாணி அட்டையைப் பார்க்கவில்லை. சந்திரலேகாவின் வாயைப் பார்த்தாள். முதல் சொல் அங்கிருந்துதான் வரும் என்று காத்து நின்றாள்.

"நல்லா படிக்கிற பொண்ண எதுக்கு கொழப்பி வுடுற?" என்று பிரிசில்லாவைக் கடிந்துகொண்டு சந்திரலேகா அட்டையை வாங்கி வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பார்வையை அவர் கண்டுவிட்டார். பள்ளி விட்ட பிறகு இசைவாணியை மட்டும் நிறுத்தி, குயவர் பாடத்தை விரித்து, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் அடியில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

பெண் கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டாள். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்: "டீச்சர், மொதல்லேருந்து சொல்லட்டுமா?"

அன்றைக்குச் சிதம்பரம் பஸ்ஸில் சந்திரலேகாவின் மௌனம் வேறு மாதிரி இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் இந்த இரண்டு ஆண்டுகளாகத் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தடவை கேட்டதை ஓர் எழுத்து பிசகாமல் பிடித்துக்கொள்கிற காது. அந்தக் காது இருந்ததால் கண்ணுக்கு வேலையே வரவில்லை. அதைக் கவனிக்காமல் போனதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் கண்டக்டர் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தார்.

வருத்தப்படுவதற்கு நேரமும் இல்லை. வருகிற ஜூனில் இசைவாணி ஆறாம் வகுப்புக்கு நகரத்துப் பெண்கள் பள்ளியில் சேர வேண்டும். அங்கே பிள்ளையை நிற்க வைத்து ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வார்கள். படித்தால்தான் இடம். அவளுடைய அம்மா மலர்க்கொடி கருவாடு விற்கிறவள். அவள் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். "சேத்துக்கிட்டாங்கன்னா படிக்கட்டும் டீச்சர். இல்லன்னா எங்கூட கருவாடு காய வைக்கட்டும். வூட்ல சும்மா குந்த வைக்க முடியாது."

மறுநாள் பிரிசில்லா இசைவாணியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவள் எழுந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், லீடரே மக்கு குரூப்புக்குப் போவுதுடா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இசைவாணி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் சந்திரலேகா அவள் வீட்டுக்குப் போனார். புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் வலை விரித்து மீன் காய்ந்துகொண்டிருந்தது. மலர்க்கொடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். இன்னா ஆச்சி இவளுக்கு? கேட்டா வாய தொறக்க மாட்டேங்குறா. எம் பொண்ணுக்கு வாய் இல்லன்னு சொன்னா இந்தக் குப்பத்துல ஒருத்தன் நம்புவானா?"

இசைவாணி முதுகைக் காட்டி உட்கார்ந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சந்திரலேகா பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தார். சொல்வதற்கென்று பஸ்ஸில் நிறைய யோசித்து வைத்திருந்தார். பிரிசில்லாவின் நினைவு வந்தது. ஒன்றும் சொல்லாமல் தானும் ஒரு மீனை எடுத்துத் திருப்பினார். பிறகு இன்னொன்று. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. மலர்க்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதென்ன கூத்து என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியில் பெண்தான் பேசினாள். "எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர்."

"ம்."

"நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"ஒன்ன எதுக்குத் திட்டணும்? ரெண்டு வருஷமா நம்ம கிளாஸ நீதான நடத்துன."

இசைவாணி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

"பிரிசில்லா டீச்சர் ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க," என்றார் சந்திரலேகா. "அன்பரசுக்குக் கழித்தல் வரவே மாட்டேங்குதாம். நீ கணக்குல கெட்டி. வந்து சொல்லிக் குடுக்கிறியான்னு கேட்டாங்க."

இசைவாணி கையிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டாள். "எதுக்குக் கூப்புடுறாங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா சரி."

திங்கட்கிழமை வந்தாள்.

அன்பரசின் சிக்கல் உண்மைதான். நாற்பத்திரண்டில் பதினேழைக் கழி என்றால் முப்பத்தைந்து என்பான். இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாதே என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவான். பிரிசில்லா கிளிஞ்சல் டப்பாவை இசைவாணியின் பக்கம் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்தாள். பத்துக் கிளிஞ்சல் போட்டு மூடிய நான்கு தீப்பெட்டிகளையும் இரண்டு உதிரிக் கிளிஞ்சல்களையும் இசைவாணி அவன் முன்னால் வைத்தாள்.

"இதுலேருந்து ஏழு கிளிஞ்சல் எடுத்துக் குடுரா."

"ரெண்டுதான இருக்கு?"

"பொட்டிக்குள்ள என்ன இருக்கு, தேளா? பொட்டிய ஒடைடா!"

அன்பரசு ஒரு தீப்பெட்டியைத் திறந்து கொட்டினான். பன்னிரண்டு ஆனது. ஏழை எடுத்தான். ஐந்தைப் பார்த்தான். மிச்சமிருந்த மூன்று பெட்டிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, இரண்டைப் பார்த்தான். "இருவத்தஞ்சி!" என்று அவன் கத்திய கத்தலில் சுப்பராயலு சாரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தியான வகுப்பு கலைந்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

அதற்குப் பதிலாக, பீரியடின் மறுபாதியில் அன்பரசு அட்டை படிப்பான். இசைவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல் போகும் வழியைப் பார்ப்பாள். ஒரே தடவையில் பாய்ந்துவிடுகிற அவளுடைய காதுக்குத் தீனி கிடைக்காத அளவுக்கு அவன் மெதுவாகப் படித்தான். வேறு வழியில்லாமல் அவள் கண் எழுத்துக்கு வந்தது. ஒரு நீளமான சொல்லில் அவள் மாட்டிக்கொண்டபோது அன்பரசு கூச்சம் மறந்து சொன்னான்: "பொட்டிய ஒடை இசை." அவள் பாதிச் சொல்லை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தெரிந்த எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அது அவளே கண்டுபிடித்த வழி. பிரிசில்லா அதை மற்ற பிள்ளைகளுக்கும் காட்டினாள். பிறகு அந்தக் குழுவுக்கே 'பொட்டி குரூப்' என்று பெயர் வந்துவிட்டது. வகுப்பில் வேறு இரண்டு பிள்ளைகள் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றார்கள்.

சந்திரலேகா வகுப்பில் கூட்டமாகச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டார். முதல் சில நாள் வகுப்பு மயானம்போல் இருந்தது. மாரியம்மாள் வந்து, "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆனால் பழக்கம் அவரை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் பாயில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இசைவாணி 'திருவிழா' என்ற சொல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. சந்திரலேகாவின் வாயிலிருந்து அவரை அறியாமலே 'திரு' என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான். இசைவாணியின் கண் அட்டையிலிருந்து துள்ளி அவர் வாய்க்கு வந்தது. அட்டையில் இல்லாத ஒரு வாக்கியம், எப்போதோ கேட்டது, திருவிழாவில் தொடங்கி ராட்டினம்வரை கடகடவென்று கொட்டியது. கொட்டி முடித்ததும் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரிசில்லா கோபப்படவில்லை. அட்டைகளை அடுக்கி, "இன்னிக்கு இது போதும்" என்றாள். பிள்ளைகள் போனதும் தன் பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். கல்கண்டு. வார்த்தை வாய்க்கு வந்திச்சின்னா ஒண்ண உள்ள போட்டுக்குங்க. நானும் அப்படித்தான்."

சந்திரலேகா அவளையே பார்த்தார். இவ்வளவு நாளும் பிரிசில்லா பேசாமல் இருந்தது அவளுக்கு எளிதாக வந்தது என்றுதான் நினைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் உதட்டுக்கு வந்த சொல்லைப் பிடித்துத் தடுத்துத்தான் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். தன் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. அந்தக் கணத்தில் தோன்றிய மரியாதை சந்திரலேகாவுக்குக் கடைசிவரை குறையவில்லை.

ஜூன் மாதம் இசைவாணியை அழைத்துக்கொண்டு நகரத்துப் பள்ளிக்கு மூன்று பேரும் போனார்கள். மலர்க்கொடி நல்ல புடவை கட்டியிருந்தாள். பிரிசில்லா கேட்வரை வந்து நின்றுவிட்டாள். "நான் உள்ள வந்தா அவ என் மூஞ்சியப் பாப்பா. நீங்க போங்க டீச்சர்."

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த ஆசிரியை ஒரு புத்தகத்தை நடுவில் விரித்து இசைவாணியிடம் கொடுத்தார். "படி பாப்போம்."

இசைவாணி புத்தகத்தைப் பார்த்தாள். குயவரும் இல்லை, குதிரையும் இல்லை. பார்த்திராத பக்கம். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆசிரியை பேனாவை மேஜையில் தட்டினார்.

மலர்க்கொடிக்கு உயிரே போனது. "படியேன்டி... டீச்சர், மொத வார்த்தைய மட்டும் எடுத்துக் குடுங்களேன், புடிச்சிக்குவா!"

இசைவாணி மெல்லத் தலையைத் திருப்பிச் சந்திரலேகாவின் வாயைப் பார்த்தாள்.

வாய் மூடியிருந்தது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. சந்திரலேகா மலர்க்கொடியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல் என்னவென்று அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கல்கண்டு நாக்கை அறுத்தது.

பெண் கண்ணைத் தாழ்த்தினாள். உள்ளங்கையால் பாதிச் சொல்லை மூடினாள்.

"கு... ளத்... குளத்தங்... கரையில்." கையை நகர்த்தினாள். "குளத்தங்கரையில்... நின்ற... கொக்கு."

பழைய ராகம் இல்லை. கணீரென்ற குரலும் இல்லை. தேய்ந்து, நின்று, மறுபடி எழுந்து வந்த குரல். சந்திரலேகா அதுவரை கேட்டதிலேயே நல்ல வாசிப்பு அதுதான்.

"என்னம்மா, அஞ்சாவது முடிச்ச பொண்ணு இவ்ளோ மெதுவாவா படிக்கிறது?" என்றார் ஆசிரியை.

சந்திரலேகா கல்கண்டைக் கடித்து விழுங்கிவிட்டுச் சொன்னார்: "மெதுவாத்தாங்க படிப்பா. ஆனா அவளே படிப்பா. எந்தப் பக்கத்த வேணாலும் குடுத்துப் பாருங்க."

ஆசிரியை இசைவாணியை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு தாளைப் புரட்டினார். "இத படி."

அதையும் படித்தாள். நேரமானது. ஆசிரியை பேனாவைத் தட்டாமல் காத்திருந்தார். முடித்ததும், "வெளிய போயி அப்ளிகேஷன் வாங்கிக்குங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பிரிசில்லா ஒன்றும் கேட்கவில்லை. மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இசைவாணி சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ஒரு கடையின் பலகையை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அதை முடிக்கும்வரை மற்ற மூவரும் வெயிலில் நின்றார்கள்.

இசைவாணி 2012இல் பத்தாம் வகுப்பு தேறினாள். கணக்கில் நல்ல மதிப்பெண், தமிழில் சுமார். பதினொன்றில் சேர்ந்தாள். அன்பரசும் அதே ஆண்டு தேறி, பாலிடெக்னிக்கில் இடம் வாங்கினான். மலர்க்கொடி இப்போதும் கருவாடுதான் விற்கிறாள். தொண்டு நிறுவனத்தின் உதவி 2009இல் நின்றது, வராந்தா வகுப்பும் அதோடு நின்றது. மறு ஆண்டு பிரிசில்லாவுக்கு அண்ணாகிராமம் பக்கம் ஒரு பள்ளியில் அரசு வேலை கிடைத்தது. சுப்பராயலு சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மாரியம்மாள் அதே கூடத்தில் பருப்பு கடைகிறாள். சந்திரலேகா சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டார். சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்ன பிறகு கல்கண்டை நிறுத்திவிட்டார். வகுப்பில் இப்போது வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்கிறார்.